கீரையை நிறுத்திவிட்டு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைக்கு மாறிய அம்மா: இது சரிதானா?

#1 முல்லைக்கொடி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. இன்றுதான் எழுத வேண்டி வந்தது.

அம்மாவுக்கு 63 வயது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போவதால், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நான்கு வருடமாகச் சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனை பார்ப்போம் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், கூடினால் ரத்தக்கசிவு ஆபத்து). எப்போதும் 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் நிற்கும்.

இரண்டு மாதம் முன்பு, வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே நான்கு டப்பா: மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை, கிரீன் டீ சாறு, கிங்கோ மர இலைச் சாறு, வைட்டமின் ஈ 400 யூனிட். நான்கிலும் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அம்மா காலை உணவுக்குப் பிறகு நான்கையும் வரிசையாக வைத்து விழுங்குகிறார். "செடியிலிருந்து வந்ததுதானே, இது என்ன செய்துவிடும்" என்கிறார்.

இன்னொன்று. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரை பக்கமே போகக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் கீரை சாப்பிட்டவர், இப்போது ஆறு வாரமாகத் தொடுவதே இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று போன மாதப் பரிசோதனையையும் தள்ளிப் போட்டுவிட்டார்.

தம்பி பாசத்தில்தான் அனுப்பினான், அவன்மேல் குறை இல்லை. இதைத் தொடரலாமா என்று மட்டும் தெரிய வேண்டும். இந்த நான்கில் எது உண்மையிலேயே நல்லது?

#2 பச்சையிலை

முல்லைக்கொடி, பயப்படாதீர்கள். மஞ்சளும் தேயிலையும் மனிதர்கள் எத்தனையோ தலைமுறையாகச் சாப்பிட்டு வருபவை. நான் 15 வருடமாக வீட்டில் மூலிகை வளர்க்கிறேன். சளி, வயிற்று உப்புசம், தூக்கமின்மை என்று எதற்கும் முதலில் தோட்டத்துக்குத்தான் போவேன், அது என்னைக் கைவிட்டதில்லை. உடலில் சேரும் கழிவுகளையும் ஃப்ரீ ராடிக்கல்களையும் ஆன்டிஆக்சிடன்ட்கள் அடித்து விரட்டும். ஆங்கில மருந்துக்கும் மூலிகைக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

#3 மருந்துப்பெட்டி

சகோதரி, மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அம்மாவின் கை கால்களில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்த தழும்பு ஏதாவது இருக்கிறதா? பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? மலம் கறுத்துப் போகிறதா? தலைவலி உண்டா? சமீபத்தில் கீழே விழுந்தாரா?

நான் 19 வருடமாக மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை.

#4 முல்லைக்கொடி

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இடது முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. நடுவில் கருநீலம், ஓரத்தில் மஞ்சள் படர்ந்திருக்கிறது. எங்கே இடித்தது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. மூன்று நாளாக பல் துலக்கினால் நுரை இளஞ்சிவப்பாக வருகிறதாம். பிரஷ் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம். தலைவலி இல்லை, விழவும் இல்லை, மலமும் எப்போதும் போலத்தான்.

#5 மருந்துப்பெட்டி

நான்கு டப்பாவையும் இப்போதே ஓரமாக எடுத்து வையுங்கள். தூக்கிப் போடாதீர்கள், மருத்துவர் லேபிளைப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் மருத்துவருக்கு உடனே போன் செய்து இரண்டையும் சொல்லுங்கள்: மாத்திரை ஆரம்பித்ததை, கீரை நிறுத்தியதை. இன்றே ஐ.என்.ஆர். எடுக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். வார்ஃபரினை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். இதற்குள் கடும் தலைவலி வந்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, தலையில் அடி பட்டாலோ போனுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் செய்கிறது, அதற்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினை மறுசுழற்சி செய்ய விடாமல் தடுக்கிறது. அம்மா வாரத்தில் ஐந்து நாள் கீரை சாப்பிட்ட காலத்தில், அந்தக் கீரையில் இருக்கும் வைட்டமின் கே-யையும் சேர்த்துத்தான் அவருக்கு மருந்தின் அளவு அமைந்தது. கீரை போய்விட்டது, மருந்து அதே அளவில் நிற்கிறது. அப்படியென்றால் அதே மாத்திரை முன்பைவிடக் கடுமையாக வேலை செய்யும். அதோடு கிங்கோ, அதிக அளவு வைட்டமின் ஈ, செறிவூட்டிய மஞ்சள் ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்று வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களை எச்சரிப்பது வழக்கம்.

இரண்டு மணி நேர இடைவெளி இங்கே உதவாது. மோதல் வயிற்றுக்குள் நடந்தால் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. இது கல்லீரலிலும் ரத்தத்திலும் நடக்கிறது, நாள் முழுக்க நடக்கிறது.

#6 பச்சையிலை

நான் இடைவெளி விடச் சொன்னது தவறு, வருந்துகிறேன். வார்ஃபரின் பற்றி எனக்குத் தெரியாது. அம்மாவின் நிலையை எழுதுங்கள் முல்லைக்கொடி.

#7 எண்கணக்கு

அம்மா நலமாக வேண்டும். மருந்துப்பெட்டியிடம் ஒரு சந்தேகம். நான் பல வருடமாக 'ஓராக்' எண்ணைப் பார்த்துத்தான் உணவு வாங்குகிறேன். எந்தப் பழத்துக்கு அதிக எண்ணோ அதுதான் அதிக ஆன்டிஆக்சிடன்ட் என்று ஒரு பட்டியலையே பிரிண்ட் எடுத்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். அது பயன்படுமா?

#8 மருந்துப்பெட்டி

எண்கணக்கு, அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்க வேளாண் துறை அப்படி ஒன்றை இணையத்தில் வைத்திருந்தது. 2012-ல் அவர்களே எடுத்துவிட்டார்கள். சோதனைக் குழாயில் அளந்த எண் மனித உடலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது, பொருள் விற்கிறவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஃப்ரீ ராடிக்கல் என்பது ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும் துகள். பக்கத்தில் இருப்பதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். டிஎன்ஏ, கொழுப்பு, புரதம் எதையும் விடாது. முதுமைக்கே காரணம் இதுதான் என்று 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற விஞ்ஞானி எழுதினார். எலக்ட்ரானைத் தானமாகக் கொடுத்து அதை அடக்குவது ஆன்டிஆக்சிடன்ட். அப்படியானால் நிறைய விழுங்கினால் நிறைய நன்மை என்று தோன்றும். எனக்கும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் உடல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குளூட்டாதையோன், கேட்டலேஸ், சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று அதற்குச் சொந்தக் காவல் இருக்கிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் மட்டுமே லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோமோல், அதுவும் ஆன்டிஆக்சிடன்ட்தான். தேநீரிலும் பெர்ரிப் பழங்களிலும் இருக்கும் பாலிஃபீனால் என்ற ஆன்டிஆக்சிடன்ட்களை குடலும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியேற்றுகின்றன, ரத்தத்தில் அவை ஒன்றிரண்டு மைக்ரோமோலைத் தாண்டுவதே அரிது. ஆப்பிள் சாப்பிட்ட பிறகு ரத்தத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறுவதை ஆராய்ந்து பார்த்தார்கள். பெரும்பங்கு காரணம் ஆப்பிளின் பாலிஃபீனால் அல்ல. பழத்தின் ஃபிரக்டோஸ், ரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றிவிட்டிருந்தது!

இன்னொரு பக்கமும் உண்டு. ஃப்ரீ ராடிக்கல் எதிரி மட்டும் அல்ல. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல அதையேதான் ஆயுதமாக எடுக்கின்றன. உடற்பயிற்சியின்போது தசையில் உருவாவது, "உன்னைப் பலப்படுத்திக்கொள்" என்று செல்லுக்குப் போகும் செய்தி. ஜெர்மனியில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில் இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

முல்லைக்கொடி வீட்டுப் பெட்டியில் இருக்கும் அதே 400 யூனிட் வைட்டமின் ஈ-யை 'செலக்ட்' ஆய்வில் 35,533 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆரம்பித்தது. 2011-ல் வந்த முடிவில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். பீட்டா கரோட்டின் கதை இதைவிடக் கனமானது, தேவைப்பட்டால் தனியாக எழுதுகிறேன்.

பட்டியலைக் கிழித்துவிடுங்கள். பழங்களை விடாதீர்கள்.

#9 பச்சையிலை

வாசித்தேன், மதிக்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. மாத்திரை வேறு, மூலிகை வேறு. வில்லோ மரப்பட்டையிலிருந்துதான் ஆஸ்பிரினின் வழி தொடங்கியது. சர்க்கரை நோய்க்கு இன்று உலகமே சாப்பிடும் மெட்ஃபார்மினின் மூதாதை ஒரு செடி. மலேரியாவை அடக்கும் ஆர்டெமிசினின் செடியிலிருந்து வந்தது, அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு 'மூலிகைக்கு ஆதாரம் இல்லை' என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்களே, அதுதான் வலிக்கிறது. காசு வராத செடியை ஆராய யார் முன்வருகிறார்கள்?

#10 வேர்த்தண்டு

பச்சையிலை அவர்களே, நான் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியன். உங்கள் ஆதங்கம் நியாயமானது, எனக்கும் அதே ஆதங்கம் உண்டு. ஆனால் ஆர்டெமிசினின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

சீன விஞ்ஞானி தூ யோயோவின் குழுவினர் அந்தச் செடியைக் காய்ச்சிச் சாறெடுத்தபோது ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. அம்மையார் பழைய சுவடிகளுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய குறிப்பில் ஒரு பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வை என்று எங்கும் இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பொறி தட்டியது. ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் பிரித்தார். 1971-ல் அந்தச் சாறு எலியிலும் குரங்கிலும் மலேரியாவை முழுக்க அடக்கியது. முதலில் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார். நோபல் வந்தது 2015-ல்.

சுவடி வழிகாட்டியது, உண்மை. ஆனால் எந்தப் பகுதி, எப்படி எடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் அளந்து தெரிந்துகொண்ட பிறகே அது உயிர் காத்தது. அதே செடியைத் தேநீராகக் குடித்து மலேரியாவைக் குணப்படுத்த வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்கிறது. இலைக்கு இலை சத்து மாறும், குறைந்த அளவு போனால் கிருமி பழகிக்கொள்ளும்.

ஃபாக்ஸ்கிளவ் என்றொரு பூச்செடி. 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதன் இலையை இதய நோயாளிகளுக்குக் கொடுத்து, அளவையும் பலனையும் நச்சுக்குறியையும் எழுதி வைத்தார். குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் அதில் இடைவெளி மிகக் குறைவு.

ஒரு சோகமும் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைப்பதற்காக மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியது. போட வேண்டிய மூலிகைக்குப் பதிலாக, சீன மொழியில் கிட்டத்தட்ட ஒரே பெயர் கொண்ட அரிஸ்டோலோகியா சேர்ந்துவிட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. செடியை நேசிக்கிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும்: இது எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வளவு?

#11 நடைப்பயணி

இந்த இழையைப் பார்த்துவிட்டுத்தான் கணக்குத் திறந்தேன். முல்லைக்கொடி பெட்டியில் இருக்கும் முதல் டப்பாதான் என்னைப் படுக்க வைத்தது.

முழங்கால் வலிக்காக மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை, தினம் இரண்டு. இரண்டரை மாதம் வலி உண்மையிலேயே குறைந்த மாதிரி இருந்தது. பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை. ராத்திரியில் உள்ளங்கை அரிக்கும், சொறிந்து சொறிந்து தூக்கம் போகும். ஒருநாள் காலையில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற நொதி 1100-க்கு மேல், 50 தாண்டினாலே அதிகம் என்றார்கள்.

மருத்துவர் மூன்று முறை கேட்டார், "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" மூன்று முறையும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அது என் மனதில் மருந்துக் கணக்கிலேயே இல்லை. நான்காவது நாள் என் மனைவி கட்டிலருகே வைத்திருந்த பையில் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு நர்ஸ்தான் எடுத்துக் காட்டினார். நிறுத்தினேன். கல்லீரல் பழைய நிலைக்கு வர நான்கு மாதம் ஆனது.

#12 மருந்துப்பெட்டி

நடைப்பயணி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு நடந்தது தனிச் சம்பவம் அல்ல. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று, மஞ்சளால் வந்த பத்துப் பேரின் விவரத்தை 2022-ல் வெளியிட்டது. ஒருவர் இறந்தார். ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது.

மஞ்சள் தூளில் அதன் முக்கியப் பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதிலும் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். சமையலில் போடும் மஞ்சள் யாரையும் படுக்க வைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரையில் குர்குமினைப் பிரித்துச் செறிவாக்குகிறார்கள். பிறகு மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் குர்குமினை உடைத்து வெளியேற்றும் வேலையைத் தடுப்பதால், ரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கு ஏறியதாக 1998-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதே பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ஏற்றும். தேயிலையிலும் இதே கதைதான். கோப்பையில் குடிப்பதற்கும் சாற்றை மாத்திரையாக விழுங்குவதற்கும் நிறைய வித்தியாசம். அதன் முக்கியப் பொருளான இ.ஜி.சி.ஜி.-யை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது.

பெட்டியில் மிச்சம் கிங்கோ. ஞாபக மறதியைத் தடுக்குமா என்று 3069 முதியவர்களிடம் ஆறு வருடம் பார்த்தார்கள், 2008-ல் முடிவு வந்தது. தடுக்கவில்லை.

#13 முல்லைக்கொடி

ஐ.என்.ஆர். 4.3.

மருத்துவர் இன்றைய வார்ஃபரினை மட்டும் விடச் சொல்லி, நான்கு நாளில் மறுபடி பரிசோதனை வைத்திருக்கிறார். டப்பாக்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் லேபிளையும் கண்ணாடி போட்டுப் படித்தார், நான்கையும் நிறுத்திவிட்டார். கீரையைப் பற்றி இங்கே சொன்ன அதே காரணத்தைச் சொல்லிவிட்டு, இப்படிச் சொன்னார்: விடவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவு.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும், "கீரை சாப்பிடலாமாமே" என்றார். ஆறு வாரமாக எவ்வளவு ஏங்கியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

#14 பச்சையிலை

நல்லபடியாக முடிந்தது, நிம்மதி. மருந்துப்பெட்டி, வேர்த்தண்டு ஐயா, என் தோட்டத்தை நான் கைவிடப் போவதில்லை. ஆனால் எதை எதற்கு வைத்துக்கொள்வது என்று நேர்மையாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

#15 மருந்துப்பெட்டி

கைவிட வேண்டியதே இல்லை அக்கா. இஞ்சி குமட்டலுக்கு நன்றாக வேலை செய்கிறது. கர்ப்ப காலக் குமட்டலில்கூடச் சோதித்திருக்கிறார்கள், பெரும்பாலும் நாளைக்கு ஒரு கிராம் இஞ்சித் தூள் அளவில். குடல் எரிச்சல் நோயின் வயிற்று வலிக்குப் புதினா எண்ணெய், குடலில் போய்க் கரையும் உறையோடு, மருத்துவர்களே பரிந்துரைக்கும் ஒன்று. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா அதைக் கூட்டிவிடும். மலச்சிக்கலுக்கும் கெட்ட கொழுப்புக்கும் இசப்கோல். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது. நீங்கள் முன்பு சொன்ன இரண்டு மணி நேர இடைவெளி இங்கே பொருந்தும்.

அதிமதுரத்தில் கவனம். அதன் கிளிசிரைசின் பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். இனிக்கிறது என்பதற்காகத் தினமும் வாயில் போட்டு மெல்லுகிறவர்களுக்கு இது நடந்திருக்கிறது.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடி மிதமான மனச்சோர்வுக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் மற்ற மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதியை அது வேகப்படுத்திவிடும். இதய மாற்று அறுவை செய்த இருவர் அதைச் சாப்பிட்டு, நிராகரிப்பைத் தடுக்கக் கொடுத்த சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் சரிந்து, புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதாக 2000-ல் பதிவானது. கருத்தடை மாத்திரையும் இதனால் பலனிழக்கலாம்.

உணவிலும் ஒன்று உண்டு, அதற்கு எதிர்த்திசையில். 1989-ல் ஒரு ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தவர்கள், மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராத உயரத்துக்குப் போனது. காரணம் மது அல்ல, பழச்சாறு. கொழுப்பு குறைக்கும் மாத்திரைகள் சிலவற்றோடும் அது அப்படியே.

#16 வெண்பனி

நான் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறேன். எல்லோரும் ஆன்டிஆக்சிடன்ட் பொடி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். சாப்பிடலாமா?

#17 மருந்துப்பெட்டி

சிகிச்சை முடியும்வரை வேண்டாம். கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கித்தான் புற்றணுவைக் கொல்கின்றன. பொடி எந்த அணுவைக் காப்பாற்றும் என்று நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது. பழமும் காய்கறியும் உங்கள் மருத்துவக் குழு சொல்லும் சுத்தத்தோடு தாராளமாகச் சாப்பிடுங்கள். கொண்டு வருகிறவர்களிடம், உங்களுக்குப் பிடித்த சாப்பாட்டைச் செய்து எடுத்துவரச் சொல்லுங்கள். சீக்கிரம் குணமாகி வந்து இங்கே எழுதுங்கள்.

#18 அடுப்படி

மாத்திரையைப் பற்றியே பேசுகிறோமே, சமையலைப் பற்றி நான் சொல்கிறேன். பல வருடம் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டவை.

ஒரு பூண்டுப் பல்லைத் தோலுரித்து முழுதாக முகர்ந்து பாருங்கள், வாசனையே இருக்காது. கத்தியின் பட்டையால் ஒரு அமுக்கு, மூக்கில் ஏறும். செல் உடைந்ததும் உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் அல்லியினும் கலந்து, அந்த நிமிடத்தில்தான் அல்லிசின் உருவாகிறது. உடனே சூடான எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் பலகையிலேயே விடுங்கள். கை கொஞ்சம் பிசுபிசுக்கும், வாசனை கனமாகும், அப்புறம் அடுப்பில் போடுங்கள்.

பிரக்கோலியும் அப்படித்தான். நறுக்கி அரை மணி நேரம் வைத்துவிட்டு லேசாக ஆவியில் வேகவிட்டால் சல்ஃபோராஃபேன் என்ற காரப் பொருள் கிடைக்கும். முதலிலேயே குழைய வேகவைத்துவிட்டால், மேலே கொஞ்சம் கடுகுத்தூள் தூவுங்கள். பிரக்கோலியில் செத்துப்போன அதே வகை நொதி கடுகில் இருக்கிறது.

தக்காளியை மட்டும் நேர்மாறாகச் செய்ய வேண்டும். எண்ணெயில் நன்றாக வதங்கி, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்து வருகிறதே, அந்தச் சிவப்புதான் லைகோபீன். பச்சையாகத் தின்பதைவிட அப்படிச் சமைத்ததிலிருந்து உடலில் அதிகம் சேரும். கேரட்டுக்கும் கொழுப்பு வேண்டும். வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து ஓடிவிடும், வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள். 100 கிராம் ஆரஞ்சில் 50 மில்லிகிராம் சொச்சம் என்றால், கொய்யாவில் 200-க்கு மேல்!

#19 மருந்துப்பெட்டி

அடுப்படி, அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். சல்ஃபோராஃபேன் தானாகப் போய் ஃப்ரீ ராடிக்கலைப் பிடிப்பதில்லை. பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் காரம் அது, நம் செல்லுக்கும் அது சிறு தொல்லை. அந்தத் தொல்லையை உணர்ந்து செல் தன் சொந்தக் காவல் நொதிகளை அதிகம் செய்கிறது. பால் தலாலே என்ற விஞ்ஞானியின் குழுவினர் 1992-ல் பிரக்கோலியில் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். காய்கறியில் இருக்கும் நார்ச்சத்து, பொட்டாசியம், நைட்ரேட் தரும் நன்மையெல்லாம் வேறு கணக்கு. ஆலிவ் எண்ணெயோ பாதாம், வால்நட் போன்ற கொட்டைகளோ சேர்த்த, காய்கறி மிகுந்த உணவை ஸ்பெயினில் 7447 பேரிடம் பார்த்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்தன. முதல் வெளியீட்டில் குறை கண்டு திரும்பப் பெற்று, 2018-ல் மறுபடி கணக்கிட்டபோதும் முடிவு ஏறக்குறைய அதேதான்.

இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

#20 எண்கணக்கு

பட்டியலைக் கிழித்துவிட்டேன். ஆனால் அப்பாவுக்கு விழித்திரை மையத்தில் முதுமைச் சிதைவு. கண் மருத்துவரே ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் நிறுத்தணுமா?

#21 மருந்துப்பெட்டி

நிறுத்தாதீர்கள். அது சோதித்து நிரூபித்த ஒன்று. 2001-ல் வந்த ஆய்வில் நடுத்தர நிலைச் சிதைவு உள்ளவர்களுக்கு முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்து 25 சதவீதம் குறைந்தது. குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட கட்டம், குறிப்பிட்ட அளவு என்று பார்த்துக் கொடுத்த மருந்து அது. லேபிளில் லூட்டின், ஸியாசாந்தின் இருக்கிறதா, பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2013 முதல் லூட்டின், ஸியாசாந்தின் உள்ளதுதான் புதிய கலவை.

#22 முல்லைக்கொடி

நல்ல செய்தி. இன்று ஐ.என்.ஆர். 2.7. தழும்பு முழுக்க மஞ்சளாகி மறைந்துகொண்டிருக்கிறது. அம்மா எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்து, வெந்த கீரையை அதில் விளிம்புவரை அழுத்தி அளக்கிறார், வாரத்தில் ஐந்து நாள், முன்பு போலவே. அந்தக் கிண்ணத்தை யாரும் தொடக்கூடாதாம்.

தம்பி இந்த இழை முழுவதையும் வாசித்துவிட்டுப் போனில் அழுதான். நீ வேண்டுமென்று செய்யவில்லையே என்று அம்மாதான் தேற்றினார். அவனும் வேறொரு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறானாம். லேபிளை அனுப்பினான்: வைட்டமின் சி, துத்தநாகம், பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம். அவனுக்கு 38 வயது, வேறு எந்த மருந்தும் இல்லை. அவன் தொடரலாமா?

#23 மருந்துப்பெட்டி

தம்பி புகை பிடிப்பாரா?

#24 முல்லைக்கொடி

பிடிப்பான். பதினைந்து வருடமாக. நாளைக்கு ஒரு பாக்கெட் இருக்கும். அதனால்தான் நுரையீரலைக் காப்பாற்ற இதைச் சாப்பிடுகிறேன் என்கிறான். ஏன் கேட்கிறீர்கள்?

#25 மருந்துப்பெட்டி

தனியாக எழுதுகிறேன் என்று சொன்ன கதை இதுதான் சகோதரி. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்குத் தினம் அதே 20 மில்லிகிராம். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பித்தான் தொடங்கினார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைபிடித்தவர்களும் கல்நார் வேலை செய்தவர்களுமாக 18,314 பேரிடம், வைட்டமின் ஏ-யும் சேர்த்து நடந்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், முடிய 21 மாதம் இருக்கும்போதே நிறுத்திவிட்டார்கள்.

கேரட்டும் பூசணியும் அவர் சாப்பிடலாம், அதில் பயமில்லை. அந்த மாத்திரை இன்றோடு போதும். புகையை விடுவதற்கு உதவும் மருந்துகள் இருக்கின்றன, எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பார். அவரே இங்கே வந்து கேட்டாலும் சொல்கிறேன்.

#26 முல்லைக்கொடி

அவனைக் கூப்பிட்டுவிட்டேன். மாத்திரையை நிறுத்துகிறேன் என்றான். புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனை அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.